ஆக்டிவ் கிட்டார், பேஸ் கிட்டார் பேட்டரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட சென்னையில் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பெரம்பூர், வியாசர்பாடி ஆகிய பகுதிகளின் ஆலயங்களிலும், ஆடி மாத அம்மன் கோயில் மேடைகளிலும், கானா கச்சேரிகளிலும் வாசிப்பவர்கள் பழுது பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவரும் கிட்டார்களில் பல, உண்மையில் பழுதானவையே அல்ல. பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது பேட்டரிக்குப் போகும் வழியில் எங்கோ ஒரு தொடர்பு விட்டுப்போயிருக்கும். இந்த இரண்டையும் ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் இருந்தால் வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

என்னுடைய கிட்டாருக்குப் பேட்டரி தேவையா, இல்லையா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பேசிவ் கிட்டாரில் பிக்கப் எனப்படும் காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் மட்டுமே இருக்கும். கிட்டார் கம்பி அதிரும்போது பிறக்கும் மின்சாரமே கேபிள் வழியாக ஆம்பிளிஃபயருக்குப் போகிறது. அதற்குப் பேட்டரி வேண்டியதில்லை. ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன், ஜாஸ் ஆகிய பேஸ் கிட்டார்களின் மூல வடிவங்கள் இத்தகையவை. ஆக்டிவ் கிட்டாரில், பேட்டரியில் இயங்கி ஒலியலையைப் பெரிதாக்கும் ப்ரீஆம்ப் என்னும் சிறிய மின்சுற்று உடலுக்குள்ளோ பிக்கப்புக்குள்ளோ பொருத்தப்பட்டிருக்கும். 1976-இல் வெளிவந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே பேஸ் இந்த முறையைப் பரவலாக்கியது. அதே ஆண்டில் தொடங்கப்பட்ட இஎம்ஜி நிறுவனம், ப்ரீஆம்ப்பைப் பிக்கப்பின் உள்ளேயே வைத்து மூடிவிடும் முறையால் பெயர் பெற்றது.

முதுகுப் பக்கத்தில் தீப்பெட்டி அளவில் தனியாக ஒரு மூடி இருந்தால் அது பேட்டரி அறையாகத்தான் இருக்கும். ஆனால் மூடி தென்படாததை வைத்துப் பேட்டரி இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. பின்னாளில் ஆக்டிவ் பிக்கப் பொருத்தப்பட்ட லெஸ் பால் வகைக் கிட்டார்களில் வால்யூம் குமிழ்களுக்குப் பின்னால் உள்ள அறைக்குள்ளேயே பேட்டரியைச் செருகியிருப்பார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் அது முன்பலகைக்கு அடியிலோ முதுகுப்பக்க ஸ்பிரிங் அறையிலோ இருக்கலாம். பழைய கிட்டார் வாங்கும்போது இதை விற்பவரிடம் கேட்டுவிடுங்கள். ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடந்து கசிந்த பேட்டரியை நான் பலமுறை வெளியே எடுத்திருக்கிறேன்; அங்கே ஒரு பேட்டரி இருப்பதே உரியவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

பேட்டரி தீரப்போகிறது என்பதற்கு அறிகுறி என்ன?

முதலில் தெரிவது கரகரப்பு. மெதுவாக வாசிக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும். நான்காம் கம்பியை அழுத்தமாக அடித்தவுடன் ஸ்பீக்கர் கிழிந்ததுபோல் ஒலி உடையும். ப்ரீஆம்ப் தனக்குக் கிடைக்கும் மின்னழுத்தத்தின் எல்லைக்குள்தான் ஒலியலையைப் பெரிதாக்க முடியும் என்பதால், மின்னழுத்தம் குறையக் குறைய அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுப் போகின்றன. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த சுரங்களுக்கு அலை பெரியது என்பதால் அங்கேதான் இது முதலில் கேட்கும். அடுத்து ஒலியளவு இறங்கும், கூர்மை மங்கும். கடைசியில், வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஒலி தேய்ந்து அடங்கிவிடும். ஆம்பிளிஃபயரையோ ஸ்பீக்கரையோ குறை சொல்வதற்கு முன் பேட்டரியைப் பார்ப்பது நல்லது.

தொடர்ந்து கேட்கும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலுக்குப் பேட்டரி பெரும்பாலும் காரணமல்ல. எர்த் சரியாக இல்லாத மேடை, ஜெனரேட்டர் இணைப்பு, கேபிளின் உறை அறுந்திருப்பது ஆகியவற்றை அங்கே தேட வேண்டும். மைக்கில் உதடு படும்போது சுருக்கென்று மின்சாரம் தாக்கினால் வாசிப்பதை அப்போதே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது. 9 வோல்ட் பேட்டரியால் அப்படித் தாக்க முடியாது.

மல்டிமீட்டரில் 9 வோல்ட் காட்டுகிறது, ஆனாலும் ஒலி உடைகிறது. ஏன்?

மீட்டர் பேட்டரியிடமிருந்து ஏறக்குறைய மின்சாரமே எடுப்பதில்லை என்பதுதான் காரணம். சும்மா இருக்கும் பேட்டரி, களைத்துப் போயிருந்தாலும், தன் முழு மின்னழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். வேலை கொடுத்தால்தான் உள்ளே இருக்கும் மின்தடை வெளிப்படும். ஆகவே பேட்டரியைச் சுமையோடு அளக்க வேண்டும் என்பதை நான் எல்லாரிடமும் வலியுறுத்திச் சொல்கிறேன்.

எளிய முறை இது. மீட்டரை டிசி 20 வோல்ட் நிலையில் வையுங்கள். புதிய ஆல்கலைன் பேட்டரி சுமையின்றி 9.4 முதல் 9.6 வோல்ட் வரை காட்டும். அடுத்து 1 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் பேட்டரியின் இரு முனைகளுக்கும் குறுக்கே பத்து விநாடி பிடித்துக்கொண்டு மீண்டும் அளவெடுங்கள். அப்போது சுமார் 9 மில்லி ஆம்பியர் ஓடும்; இது பெரும்பாலான ப்ரீஆம்ப்கள் எடுப்பதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் பேட்டரியின் உண்மை நிலை தெரிந்துவிடும். நல்ல ஆல்கலைன் பேட்டரியில் எண் அசைவதே தெரியாது. அரை வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் அந்தப் பேட்டரியை மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள். ரிச்சி தெருவில் மின்னணு உதிரிப் பாகம் விற்கும் எந்தக் கடையிலும் இந்த மின்தடை சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

கிட்டாருக்குள்ளேயே, கேபிள் செருகிய நிலையில், பேட்டரி முனைகளில் மீட்டரை வைத்து அளக்க இடமிருந்தால் அதுவும் சரியான முறையே. அப்படி அளக்கும்போது 8 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டால் புதிய பேட்டரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; 7.5-ஐத் தொட்டால் மாற்றிவிடுங்கள். வீட்டில் பயிற்சி செய்ய 7 வோல்ட் வரைகூட ஓட்டலாம். மேடைக்கு அது போதாது. நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கம் எதையும் அளக்காது. கசிந்த பேட்டரியாக இருந்தால் வாய் புண்ணாகும்.

கேபிளைச் செருகியே வைத்தால் பேட்டரி தீரும் என்கிறார்களே, அது உண்மையா?

உண்மைதான். பெரும்பாலான ஆக்டிவ் கிட்டார்களில் தனி சுவிட்ச் கிடையாது, கேபிளைச் செருகும் துளையான ஜாக்தான் சுவிட்ச். உள்ளே இருப்பது ஸ்டீரியோ ஜாக். அதன் நடு வளையத்தோடு பேட்டரியின் எதிர்முனை இணைக்கப்பட்டிருக்கும். சாதாரண மோனோ பிளக்கைச் செருகும்போது, அதன் நீண்ட உலோக உடல் அந்த வளையத் தொடர்பையும் எர்த் தொடர்பையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவதால் சுற்று நிறைவு பெற்று ப்ரீஆம்ப் விழித்துக்கொள்கிறது. வால்யூமைப் பூஜ்யத்தில் வைப்பதாலோ ஆம்பிளிஃபயரை அணைப்பதாலோ இது நிற்காது. பிளக்கை வெளியே எடுத்தால்தான் நிற்கும்.

ஆனால் ஒரே இரவில் தீர்ந்துவிடும் என்று பயமுறுத்துவதும் சரியல்ல. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல ஆல்கலைன் 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர்-மணி. ப்ரீஆம்ப் 1 மில்லி ஆம்பியர் எடுத்தால் 500 மணி நேரம். ஓர் இரவுக்குப் பத்து மணி நேரம் போனால் பெரிய இழப்பில்லை. ஒரு டிசம்பரில், கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து களைப்போடு வீட்டுக்கு வந்த நான், பேஸ் கிட்டாரில் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டரின் பிளக்கை அப்படியே விட்டு உறைக்குள் வைத்துவிட்டேன். திரும்ப எடுத்தது பொங்கலன்று மாலை, தெரு விழா மேடையில். இடையில் இருபது நாள், அதாவது 480 மணி நேரம். முதல் பாட்டின் பல்லவியிலேயே ஒலி நின்றுபோனது. கேபிளைக் கழற்ற மறக்காதவர்கள்கூட டிரான்ஸ்மிட்டரை மறந்துவிடுகிறார்கள், ஏனென்றால் அது கிட்டாரோடேயே உறைக்குள் அடங்கிவிடுகிறது.

என் கிட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதைத் திறக்காமலேயே அளக்க முடியுமா?

முடியும், இது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. இரண்டு பக்கமும் ஸ்டீரியோ பிளக் உள்ள கேபிள் ஒன்றைக் கிட்டாரில் செருகுங்கள். ஸ்டீரியோ பிளக்கில் வளையமும் உடலும் தனித்தனி என்பதால் ப்ரீஆம்ப் அணைந்தே இருக்கும். இப்போது மீட்டரை மில்லி ஆம்பியர் நிலைக்கு மாற்றி, கேபிளின் மறுமுனை பிளக்கில் சிவப்பு முள்ளை உடலிலும் கறுப்பு முள்ளை நடு வளையத்திலும் வையுங்கள். மீட்டர் வழியாகவே சுற்று நிறைவு பெறுவதால், திரையில் தெரிவது உங்கள் கிட்டார் எடுக்கும் மின்னோட்டம். 500-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணி நேரம் தோராயமாகக் கிடைக்கும். இஎம்ஜி 81 பிக்கப் ஒன்று 80 மைக்ரோ ஆம்பியர் மட்டுமே எடுக்கும்; அந்நிறுவனம் இந்தக் கணக்கைவிடக் குறைத்து, 3000 மணி நேரம் என்று குறிப்பிடுகிறது. மூன்று நான்கு குமிழ்கள் கொண்ட பேஸ் ப்ரீஆம்ப்களில் சில இதைப்போல் பல மடங்கு எடுப்பவை.

அளந்து முடித்தவுடன் மீட்டரை வோல்ட் நிலைக்குத் திருப்பிவிடுங்கள். மில்லி ஆம்பியர் நிலையிலேயே பேட்டரியின் இரு முனைகளிலும் முட்களை வைத்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

“அண்ணே, புதுப் பேட்டரி போட்டும் சத்தமே வரவில்லை.” என்ன செய்வது?

முதலில் கேபிளைப் பாருங்கள். ஸ்டீரியோ கேபிளைச் செருகியிருந்தால், மேலே சொன்ன காரணத்தால், ஆக்டிவ் கிட்டார் பேசாது. அடுத்தது, பேட்டரியின் முனைகளில் மாட்டும் பேட்டரி கேப். பேட்டரியின் சிறிய வட்ட முனை நேர்முனை, இதழ் விரிந்தாற்போல் இருக்கும் பெரிய முனை எதிர்முனை. கேப்பில் இவை இடம் மாறியிருக்கும். அந்தப் பெரிய முனையின் இதழ்கள் தளர்ந்துபோனால் பேட்டரி பிடிப்பின்றி ஆடும். மூக்கு நீண்ட குறடால் லேசாக நெருக்கினால் சரியாகும். பேட்டரியைக் கழற்றும்போது கம்பியைப் பிடித்து இழுப்பவர்களின் கிட்டாரில், பிளாஸ்டிக் உறை முழுசாக இருக்க, உள்ளே கம்பி அறுந்திருக்கும். கேப்பின் விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பித்தான் எடுக்க வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் ஜாக்கைச் சந்தேகப்படுங்கள். பிளக்கை அசைக்கும்போது ஒலி வந்து வந்து போனால், வளையத்தைத் தொடும் தகடு வளைந்துவிட்டது அல்லது துருப்பிடித்துவிட்டது. திறந்த வகை ஜாக் என்றால் தகட்டை மெல்ல உள்நோக்கி வளைக்கலாம். குழாய்போல் மூடிய வகை என்றால் மாற்றுவதே வழி. அதே அளவு ஸ்டீரியோ ஜாக் வாங்கி, எந்தக் கம்பி எந்தக் காலில் இருந்தது என்று முன்பே படம் எடுத்துக்கொண்டு சால்டர் வைக்க வேண்டும்.

பேட்டரி மாற்றும்போது கவனிக்க வேண்டியவை என்ன?

ஆம்பிளிஃபயரின் ஒலியைக் குறைத்து, பிளக்கைக் கழற்றிய பிறகே அறையைத் திறங்கள். துருவங்களைத் தலைகீழாக ஒரு கணம் தொடவிட்டாலும், பாதுகாப்பு டயோடு இல்லாத ப்ரீஆம்ப் எரிந்துபோகலாம். ஆகவே இருட்டு மேடையில் தடவிப் பார்த்துப் பொருத்தாமல், செல்போன் வெளிச்சத்தில் பார்த்துப் பொருத்துங்கள். மூடியின் திருகுகள் மரத்தில் இறங்குபவை என்பதால், முதலில் இடப்பக்கமாகச் சுற்றி, பழைய மரையில் ‘டக்’கென்று விழுவதை உணர்ந்த பிறகு இறுக்குவது துளையைக் காப்பாற்றும். துளை ஏற்கெனவே தேய்ந்திருந்தால், மரப்பசை தடவிய பல்குச்சி ஒன்றை உள்ளே செருகி, காய்ந்தபின் திருகலாம். பேட்டரி அறைக்குள் ஆடினால் மெல்லிய ஸ்பான்ஜ் வையுங்கள். மூடியின் உட்பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டி, மாற்றிய தேதியை எழுதி வைப்பது, அந்தக் கிட்டாரை நான்கு பேர் மாறி மாறி எடுக்கும் ஆலயக் குழுக்களில் மிகவும் உதவும்.

எந்தப் பேட்டரி வாங்குவது?

ஆல்கலைன். தெருமுனைக் கடையில் விலை குறைவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஜிங்க்-கார்பன் வகை. அதன் மேல் 6எஃப்22 என்று அச்சிட்டிருக்கும். ஆல்கலைனில் 6எல்ஆர்61 என்றிருக்கும். இரண்டிலும் உள்ளே 1.5 வோல்ட் அறைகள் ஆறு இருக்கின்றன. ஆனால் ஜிங்க்-கார்பனின் உள்தடை அதிகம், கொள்ளளவு குறைவு, கசியும் வாய்ப்பும் கூடுதல். அவசரத்துக்கு ஒரு கச்சேரி ஓட்டலாம். உள்ளேயே விட்டு வைக்கக் கூடாது.

ரீசார்ஜ் செய்யும் வகையில் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி 9 வோல்ட் என்று பெயர் தாங்கினாலும், ஏழு அறைகள் கொண்டதாக இருந்தால் அதன் இயல்பான மின்னழுத்தம் 8.4, ஆறு அறைகள் என்றால் 7.2 மட்டுமே. கொள்ளளவும் ஆல்கலைனில் பாதியைத் தாண்டுவது அரிது. யுஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஆகும் லித்தியம் வகைகளில் சிலவற்றுக்குள் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்று இருக்கிறது. அது கீச்சென்ற மெல்லிய ஒலியைச் சேர்க்கக்கூடும். தீரும்போது எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் அறுந்து நிற்கும். கரகரப்பாவது நமக்கு ஒரு எச்சரிக்கை. இது அதையும் தராது. குறைந்த மின்னோட்டம் எடுக்கும் கிட்டாருக்கு ரீசார்ஜ் பேட்டரியால் பெரிய லாபமில்லை என்பது என் கருத்து.

சில அகூஸ்டிக் கிட்டார்களின் ப்ரீஆம்ப்களுக்குப் பென்சில் செல் இரண்டோ, பட்டன் செல்லோ தேவைப்படும். வாங்குவதற்கு முன் பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள்.

18 வோல்ட்டாக மாற்றினால் ஒலி கூடுமா?

ஒலியளவு கூடாது. இரண்டு 9 வோல்ட் பேட்டரிகளைத் தொடராக இணைக்கும்போது கூடுவது, அலையின் உச்சி வெட்டுப்படாமல் நிற்க ப்ரீஆம்ப்புக்குக் கிடைக்கும் இடம். கட்டைவிரலால் ஓங்கி அடித்து வாசிக்கும் ஸ்லாப் பாணிக்காரர்கள் அதை உணர்வார்கள். மெல்லிசைக் குழுவில் விரலால் வாசிப்பவருக்கு வித்தியாசமே தெரியாமல் போகலாம். அகுலார் ஓபிபி-3 போன்ற ப்ரீஆம்ப்கள் 9, 18 இரண்டுக்குமே வடிவமைக்கப்பட்டவை. இஎம்ஜி பிக்கப்கள் 27 வோல்ட் வரை தாங்கும். எல்லாச் சுற்றுகளும் அப்படியல்ல. உள்ளே 16 வோல்ட் தாங்கும் கெப்பாசிட்டர்கள் இருந்தால் 18 வோல்ட் அவற்றைக் கெடுத்துவிடும். தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் மட்டுமே செய்யுங்கள். ஏற்கெனவே இரண்டு பேட்டரி உள்ள கிட்டாரில் இரண்டையும் ஒரே வகையாக, ஒரே நாளில் மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் பழையது புதியதையும் கீழே இழுக்கும்.

கடலோரத்தில் குடியிருக்கிறோம். அதனால் ஏதாவது பாதிப்பு உண்டா?

உண்டு. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்கரையை ஒட்டிய வீடுகளில் ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்புக்காற்றுதான் பேட்டரி கேப்பிலும் ஜாக்கிலும் பச்சைப் படிவை உண்டாக்குகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பென்சில் அழிப்பானால் முனைகளைத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். வெப்பமும் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கிறது. அக்னி நட்சத்திர நாட்களில் தகரக் கூரைக்கு அடியிலோ பூட்டிய வேனுக்குள்ளோ கிட்டாரையும் உதிரிப் பேட்டரியையும் விட்டு வைக்காதீர்கள்.

பேட்டரி கசிந்துவிட்டால் கையுறை அணிந்து எடுங்கள். ஆல்கலைனில் கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம். அதை வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்ட பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும். ஜிங்க்-கார்பனின் கசிவு அமிலத் தன்மை கொண்டது. அதற்கு ஆப்பச் சோடாவை நீரில் குழைத்துப் பயன்படுத்த வேண்டும். எதுவானாலும் கடைசியாக ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். கிட்டார் மாதக்கணக்கில் சும்மா இருக்கப்போகிறது என்றால் பேட்டரியை வெளியே எடுத்து வைப்பதே நல்லது.

எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

நாட்காட்டியைவிட மீட்டரை நம்புங்கள். அளக்க வழியில்லாதவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை, ஆடிக்கு முன்போ டிசம்பருக்கு முன்போ, எது உங்கள் பரபரப்பான காலமோ அதற்கு முன் மாற்றிவிடலாம்.

மேடையில் நடுவே நின்றுவிட்டால்?

ஆக்டிவ்-பேசிவ் சுவிட்ச் இருக்கும் கிட்டார் என்றால் அதைத் தட்டிவிட்டுப் பாட்டை முடியுங்கள். பேசிவ் நிலையில் பேட்டரி இல்லாமலேயே ஒலி வரும், ஒலியளவைக் கொஞ்சம் கூட்ட வேண்டியிருக்கும். யமஹாவின் டிஆர்பிஎக்ஸ் வரிசையில் 504-இல் அந்தச் சுவிட்ச் உண்டு, 304-இல் இல்லை. வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். சுவிட்ச் இல்லாதவர்களுக்குப் பேட்டரியை மாற்றுவதைத் தவிர வழியில்லை என்பதால், உறைக்குள் ஒரு புதிய பேட்டரியும் அந்த மூடிக்குப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரும் எப்போதும் இருக்க வேண்டும். அந்த உதிரிப் பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி வையுங்கள். கம்பிச் சுருளோ சில்லறையோ இரு முனைகளையும் தொட்டால் பேட்டரி கொதித்துத் தீப்பிடிக்கவும் கூடும்.

தீர்ந்த பேட்டரியை என்ன செய்வது?

குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய பேட்டரியை வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தியிருந்தன. நாம் கலந்து போடும் குப்பை போய்ச் சேரும் கொடுங்கையூர்க் கிடங்கு நம் வீடுகளுக்கு அருகில்தான் இருக்கிறது. அங்கிருந்து வரும் புகையை மூச்சில் இழுப்பவர்கள் நம் தெருப் பிள்ளைகள். முனைகளில் டேப் ஒட்டி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, தூய்மைப் பணியாளரிடம் தனியாக, பேட்டரி என்று சொல்லிக் கொடுங்கள்.